வெட்ட வெட்டத் தழைக்கும் காடு

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் பிராட்ஃபீல்டு காடு இருக்கிறது. ஜனவரி மாதத்தில் அங்கே போகிறவரின் காதில் முதலில் மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் விழுந்தாலும் விழும். காட்டின் ஒரு துண்டு மொட்டையாக வெட்டப்பட்டிருக்கும். கழிகளைப் பருமன் வாரியாகப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். அரசு அறிவித்த தேசிய இயற்கைக் காப்பகத்துக்குள் இந்தக் காட்சியா என்று புதியவர்கள் திகைப்பதுண்டு. காப்பகம் என்றாலே கோடரி நுழையக் கூடாத இடம் என்றுதானே நினைப்போம்?

இங்கே கணக்கு வேறு. இந்தக் காட்டில் முறைவைத்து மரம் வெட்டி வந்ததற்கு 1252ஆம் ஆண்டு முதல் ஆவணம் இருக்கிறது. அன்று இது பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரிலிருந்த கிறிஸ்தவ மடத்தின் சொத்து. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539இல், மடம் கலைக்கப்பட்டது. அதன்பின் காடு கைமாறியது. வெட்டும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. ஏழரை நூற்றாண்டுக்கும் மேல் வெட்டிய பிறகும் சுமார் 80 ஹெக்டேர் காடு மிஞ்சியிருக்கிறது. அதில் 370க்கும் மேற்பட்ட தாவர வகைகள் பதிவாகியுள்ளன.

இதன் சூட்சுமம் அடிக்கட்டையில் இருக்கிறது. இங்கிலாந்தின் இலையுதிர் மரங்களில் பலவும் தரையோடு வெட்டினாலும் சாவதில்லை. ஆஷ், ஹேசல், மேப்பிள் போன்றவற்றைக் குளிர்காலத்தில், இலை இல்லாத நேரத்தில் வெட்டிவிட்டால், வசந்தத்தில் கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். கரும்பில் மறுதாம்பு விடுவது போலத்தான். கரும்பு இரண்டு மூன்று தாம்புக்கு மேல் தாங்காது. இந்த மரங்களோ நூற்றாண்டுக் கணக்கில் தாம்பு விடும். ஹேசலை ஏழு முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும், ஆஷை அதைவிட நீண்ட இடைவெளி விட்டும் வெட்டுவார்கள். இந்த முறைக்குக் ‘காப்பிசிங்’ என்று பெயர். ஒரு குளிர்காலத்தில் ஒரு துண்டு, அடுத்த குளிர்காலத்தில் இன்னொன்று என்று காட்டைச் சுற்றி வந்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும்போது அங்கே அடுத்த விளைச்சல் தயாராக இருக்கும்.

ஒவ்வொரு வெட்டிலும் கட்டை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் பெருக்கும். நடுப்பகுதி உளுத்துக் கொட்டிவிடும். காலப்போக்கில் மரம் ஒரு வளையமாகிறது. பிராட்ஃபீல்டின் பழைய ஆஷ் கட்டை ஒன்று ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம் கொண்டது. நின்று பார்ப்பவருக்கு, வட்டமாக வளர்ந்த தனித்தனி இளமரங்கள் என்றே தோன்றும். குனிந்து பாசியை விலக்கினால்தான் எல்லாம் ஒரே வேரில் நிற்பது தெரியும். மேலே நிற்கும் கழிகளுக்கு வயது இருபதோ முப்பதோ இருக்கலாம். அடியிலிருக்கும் கட்டைக்கு ஆயிரம் ஆண்டு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் இருநூறு முந்நூறு ஆண்டைத் தாண்டுவதே அபூர்வம்.

இந்தக் கழிகள் இல்லாமல் அந்தக் காலத்து ஆங்கிலேயக் கிராமம் இயங்கியிருக்காது. ஆட்டுக்கிடைக்குப் படல், கூரை வேய ஊசிக்குச்சி, மண் சுவருக்குள் பின்னும் வரிச்சு, அவரைக் கொடிக்குக் கொம்பு, அடுப்புக்கு விறகு, இரும்புப் பட்டறைக்குக் கரி என எல்லாமே காப்பிஸ் காட்டிலிருந்துதான் வந்தன. நடுநடுவே வெட்டாமல் வளரவிட்ட ஓக் மரங்கள் வீட்டு உத்தரத்துக்கும் கப்பலுக்கும் போயின. இவ்வளவு வருமானம் தந்த காட்டை ஆடுமாடு மேய விடுவார்களா? சுற்றிலும் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை உட்பக்கம் கரையாகக் கொட்டினார்கள். இன்றும் பழைய காட்டின் ஓரத்தில் நடப்பவர் இந்தப் பள்ளத்தையும் கரையையும் பார்க்கலாம். நேராக ஓடாமல் வளைந்து நெளிந்து போனால், அது பெரும்பாலும் இடைக்காலத்து எல்லை.

இந்த வரலாற்றைப் பொதுமக்களுக்குப் புரிய வைத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஆலிவர் ராக்கம் (1939–2015). பழைய ஆவணங்களையும் மரக்கட்டைகளையும் சேர்த்து வைத்துப் படித்தவர் அவர். ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க அடர்வனமாக இருந்தது, கப்பல் கட்டியும் இரும்பு உருக்கியும் அதை அழித்துவிட்டார்கள் என்ற பரவலான கதையை அவர் ஏற்கவில்லை. 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பை ஆராய்ந்த அவர், அப்போதே நாட்டில் சுமார் 15 சதவீத நிலத்தில்தான் காடு இருந்தது என்று கணித்தார். கரிக்கும் விறகுக்கும் தேவை இருந்த இடங்களில்தான் காடு பிழைத்தது, உழவுக்கு நிலம் தேவைப்பட்ட இடங்களில்தான் அது அழிந்தது என்பது அவர் முடிவு.

கொஞ்ச வாரம் கிடைக்கும் வெயில்

முதுமலைக் காட்டில் மரங்கள் இலை உதிர்ப்பது வறட்சிக்குப் பயந்து. இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை. குளிரும் குறுகிய பகலும்தான் காரணம். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரமும் நீடிக்காது. அந்த வெளிச்சத்தில் மெல்லிய இலைகளை வைத்திருந்தால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். எனவே இலையுதிர் காலத்தில் மரம் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்தைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. பிறகு காம்படியில் ஒரு தடுப்பு உருவாகி இலை விழுகிறது.

இதன் முழுப் பலன் தரைக்கு. மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கும். ஓக் முழுதாக இலை விடுவதற்கு மே ஆகிவிடும். இடைப்பட்ட சில வாரங்களில் கூரையில்லாத காட்டின் தரையில் நேர் வெயில் விழுகிறது. தரைச்செடிகள் பலவும் ஆண்டு முழுமைக்கும் வேண்டியதை அந்த அவகாசத்திலேயே சம்பாதிக்கின்றன. முதலில் பிரிம்ரோஸ், பிறகு வெள்ளை அனிமோன், ஏப்ரல் கடைசியில் புளூபெல். பிராட்ஃபீல்டில் இவற்றோடு ஆக்ஸ்லிப் என்ற வெளிர்மஞ்சள் மலரும் உண்டு. கிழக்கு இங்கிலாந்தின் சில மாவட்டங்களைத் தாண்டினால் பிரிட்டனில் வேறெங்கும் அதை அநேகமாகப் பார்க்க முடியாது.

உலகிலுள்ள புளூபெல்களில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தான் வளர்கிறது. கூட்டமாகப் பூக்கும்போது தரையே நீலமாகிவிடும். கிட்டே போய் ஒரே ஒரு செடியைப் பார்ப்பதும் நல்லது. தண்டின் நுனி வளைந்து, மணி போன்ற பூக்கள் ஒரு பக்கமாகவே தொங்கினால், உள்ளே மகரந்தம் பாலேட்டு நிறமாக இருந்தால், அது நாட்டு வகை. தண்டு நிமிர்ந்து, பூக்கள் எல்லாப் பக்கமும் நின்றால் தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஸ்பானிய வகையாகவோ கலப்பாகவோ இருக்கலாம். விதையிலிருந்து முளைத்துப் பூ விடக் குறைந்தது ஐந்து ஆண்டு ஆகும். இலையை மிதித்து நசுக்கிவிட்டால் செடியால் அந்த ஆண்டுக்கான உணவைத் தயாரிக்க முடியாது. புகைப்பட ஆசையில் பாதையை விட்டு இறங்குபவர்களால் புளூபெல் காடுகளில் வரும் தலைவலி இதுதான். காட்டுப் புளூபெல் கிழங்கைத் தோண்டுவது சட்டப்படி குற்றம்.

வெட்டிய துண்டில் இந்தப் பூக்களுக்குக் கொண்டாட்டம். நிழலில் பல ஆண்டு அடங்கிக் கிடந்த செடிகள், வெட்டிய இரண்டாம் மூன்றாம் வசந்தத்தில் அள்ளிக் கொட்டியது போல் பூக்கும். நான்கைந்து ஆண்டில் துளிர்கள் புதராக அடர்ந்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து கோடைக்கு வரும் நைட்டிங்கேல் போன்ற பறவைகளுக்கு அது தோதான இடம். இன்னும் வளர்ந்து ஹேசல் காய்த்தால் டார்மவுஸ் வந்துவிடும். பொன்னிற மயிரும் அடர்ந்த வாலும் கொண்ட இந்தச் சிற்றுயிர் அக்டோபர் வாக்கில் தூங்கப் போனால் ஏப்ரலில்தான் எழும். இரவில் மட்டுமே நடமாடுவதால் ஆளை நேரில் பார்ப்பது கடினம். ஆனால் அடையாளம் விட்டுவைக்கும். கீழே கிடக்கும் ஹேசல் கொட்டையின் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாகப் பிளந்திருந்தால் அணிலின் வேலை. வட்டத் துளை இருந்து, விளிம்பின் உட்புறத்தில் குறுக்காகப் பல்தடம் தெரிந்தால் எலி. விளிம்பு வழவழப்பாக, பல்தடங்கள் துளையைச் சுற்றி வெளிப்புறத்தில் சாய்வாக ஓடினால் டார்மவுஸ்.

வசந்தத்தைக் குறித்து வைத்தவர்கள்

எந்தப் பூ எந்தத் தேதியில் என்று எழுதி வைப்பது ஆங்கிலேயருக்குப் பழைய பழக்கம். நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் இந்தக் குறிப்பைத் தொடங்கினார். முதல் அனிமோன், ஓக் துளிர்க்கும் நாள், குயில் கூவிய நாள் என அவர் ஆரம்பித்ததை வாரிசுகள் 1958 வரை தொடர்ந்தனர். பருவநிலை மாற்றத்தை ஆராய்பவர்களுக்கு இன்று அது பெரிய கருவூலம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வைதம் காட்டில் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். அங்கே மரங்களில் கூண்டுப்பெட்டி மாட்டி, கிரேட் டிட் என்ற சிறு பறவையை 1947 முதல் ஆண்டு தவறாமல் ஆராய்ந்து வருகிறார்கள். ஓக் துளிர்க்கும் சமயத்தில் அந்துப்பூச்சிப் புழுக்கள் பொரிக்கும். இலை முற்றினால் துவர்ப்பு ஏறிவிடும் என்பதால் அவை அவசரமாகத் தின்று கொழுக்கும். அந்தப் புழு மிகுந்திருக்கும் நாட்களில் தன் குஞ்சு வாய் திறக்கும்படி பறவை முட்டையிட வேண்டும். வசந்தம் முந்த முந்த, ஓக்கும் புழுவும் பறவையும் சேர்ந்தே முந்தி வந்திருக்கின்றன. 1960களைவிட இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னதாகவே இப்போது பறவைகள் முட்டை வைக்கின்றன.

காட்டை விட்டுவிட்டதால் வந்த வினை

முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1919இல் பிரிட்டன் வனத்துறை ஆணையத்தை அமைத்தது. வேகமாக வளரும் ஊசியிலை மரங்கள் முன்னுரிமை பெற்றன. பழைய இலையுதிர் காடுகள் பலவற்றை அழித்துவிட்டு அவற்றை நட்டார்கள். நிலக்கரியும் பிளாஸ்டிக்கும் வந்தபின் கழிக்கும் விறகுக்கும் விலை இல்லாமல் போயிற்று. விலை இல்லாமல் போனதும் காடு வெறும் நிலமானது. பிராட்ஃபீல்டிலும் 1960களில் ஒரு பெரும் பகுதியை வேரோடு பிடுங்கி வயலாக்கினார்கள். ஊர்மக்களும் இயற்கை ஆர்வலர்களும் போராடி, மிச்சத்தை 1970இல் விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். இன்று சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் அதைப் பராமரிக்கிறது. 1600ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து காடாக இருப்பதைத்தான் இங்கிலாந்தில் ‘பழங்காடு’ என்று வகைப்படுத்துகிறார்கள். பிரிட்டன் முழுவதையும் சேர்த்தால் அத்தகைய காடு நிலப்பரப்பில் 2.5 சதவீதம்தான்.

வெட்டினால் மட்டும் போதாது என்பது இப்போதைய சிக்கல். ஓநாய் இல்லாத நாட்டில் மான் பெருகி, புதுத் துளிரைத் தரையோடு மேய்ந்துவிடுகிறது. ஆசியாவிலிருந்து வந்து தோட்டங்களிலிருந்து தப்பிய குட்டை முன்ட்ஜாக் மானும் இதில் சேர்த்தி. அதனால் வெட்டிய துண்டுகளுக்கு வேலி தேவைப்படுகிறது. இதைவிடப் பெரிய அடி ஆஷ் மரத்துக்கு விழுந்தது. கிழக்காசியப் பூஞ்சையால் வரும் ஆஷ் டைபேக் நோய் பிரிட்டனில் 2012இல் கண்டறியப்பட்டது. நாட்டின் ஆஷ் மரங்களில் 80 சதவீதம் வரை அதற்குப் பலியாகலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நோயைத் தாங்கும் மரங்களைத் தேடி விதை சேகரிக்கும் வேலை நடக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பூவுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை; நிறத்துக்கும் காளானுக்கும் அக்டோபர் கடைசி. சஃபோக் காட்டு மண் களிமண், கோடையிலும் சேறு உண்டு. ரப்பர் பூட்ஸ் அவசியம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். புல்லில் காத்திருக்கும் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். தனியார் நிலமானாலும் மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதையில் நடக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தின் 1:25,000 பதிப்பில் அவை பச்சைப் புள்ளிக்கோடுகளாக இருக்கும். வைதமுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். லண்டனை விட்டு அதிக தூரம் போக முடியாதவர்களுக்கு மேற்கே பர்னம் பீச்சஸ் இருக்கிறது. லண்டன் மாநகர நிர்வாகம் 1880இல் பொதுமக்களுக்காக வாங்கிய காடு அது. மாடு எட்டாத உயரத்தில் தலையை வெட்டி வெட்டி வளர்த்த பீச் மரங்கள், நூற்றாண்டுக் கணக்கில் பருத்து, கோணல்மாணலாக அங்கே இன்னும் நிற்கின்றன.