வலிப்பு நோயும் காந்தமும்



வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். வலிப்பு நின்றதும், இரும்புதான் நிறுத்தியது என்று நம்புகிறோம். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும்.

அப்படியென்றால், காந்தத்தைக் கொண்டு வலிப்பு நோயை மருத்துவர்கள் ஆராய்கிறார்களே, அது எப்படி?

நம் மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அவற்றுள் பல கட்டுமீறி ஒரே சமயத்தில் துடிப்பதே வலிப்பு. இது பேயுமன்று, சாபமுமன்று; தொற்று நோயுமன்று.

சைக்கிள் டைனமோவைப் பாருங்கள். உள்ளே காந்தம் சுழன்றால் விளக்கு எரிகிறது, நின்றால் அணைகிறது. மாறுகின்ற காந்தப்புலமே மின்சாரத்தை எழுப்பும். இதை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். இவ்விதியைக் கொண்டு 1985-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் ஒரு கருவி செய்தனர். கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்துக் கணநேரம் மின்சாரம் பாய்ச்சினர். மண்டையைத் திறக்காமலே மூளை தூண்டப்பட்டது, கைத்தசை துடித்தது.

எவ்வளவு சிறிய தூண்டலுக்கு விரல் அசைகிறது என்று அளந்தால், மூளை எவ்வளவு எளிதில் கிளர்ச்சியடைகிறது என்பது தெரியும். சில வலிப்பு மருந்துகளை உட்கொண்டபின் விரலை அசைக்கக் கூடுதல் தூண்டல் தேவைப்படுகிறது. மருந்து மூளையில் வேலை செய்வதை இவ்வாறு காணலாம்.

நொடிக்கு ஒன்று அல்லது அதற்கும் மெதுவாகத் தூண்டினால் மூளையின் கிளர்ச்சி தணியலாம். இவ்வழியில் சிகிச்சையும் செய்து பார்த்தனர். சில ஆய்வுகளில் வலிப்பு குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. அரிதாக, இந்தத் தூண்டலே வலிப்பை வரவழைப்பதும் உண்டு. ஆகவே இது இன்னும் உறுதிப்பட்ட சிகிச்சையன்று.

விற்பனைக்கு வரும் காந்தக் காப்பு, சுழலாத டைனமோவைப் போன்றது. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முறையாக மருந்து உட்கொண்டால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஒருவருக்கு வலிப்பு வந்தால் அருகிலுள்ள நெருப்பையும் கத்தியையும் அகற்றுங்கள். தலைக்கடியில் மென்மையான துணியை வையுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடங்களுக்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சாவியைத் தேடி ஓடும் நேரத்தில் நாம் செய்யவேண்டியவை இவைதாம்.