பெயரைக் கொண்டு இடத்தை அறிதல்: ‘டிக்’ என்னும் கருவியின் உபயோகம்

திருவனந்தபுரத்துக்குப் புதிதாக வரும் ஒருவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையைத் தேடுகின்றார் எனக் கொள்வோம். கிழக்கே கோட்டையில் நிற்பவரை விசாரித்தால் அவர் அக்கடையை அறியமாட்டார். சாலைக்குச் செல்லும் வழியை மட்டும் காட்டுவார். சாலையின் முகப்பிலுள்ளவர் கொத்துவால் தெருவைக் காட்டுவார். அத்தெருவிலுள்ளவரே கடையைச் சுட்டிக் கூறுவார். நகரம் முழுவதையும் எவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த படியை அறிந்தவர் யார் என்பதை அறிந்திருந்தாற் போதும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் அமைந்த இக்கடைத்தெருவில் இன்றும் வழி கேட்போர் இவ்வாறே செல்கின்றனர். இணையத்தில் பெயரைக் கொண்டு இடத்தை அறியும் ஏற்பாடும் இத்தகையதே.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர் பெயர்களால் அறிகின்றனர். ஆதியில் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்பட்டு, எல்லாக் கணிப்பொறிகளுக்கும் நகல் செய்யப்பட்டு வந்தது. கணிப்பொறிகள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பட்டியலைப் பல பொறுப்பாளரிடம் பிரித்தளிக்கும் இன்றைய முறையை வகுத்தார். ‘டொமைன்’ என்பதை ‘ஆள்களம்’ எனத் தமிழில் வழங்குவோர் உளர். ஒருவரது ஆளுகைக்குட்பட்ட களம் என்னும் பொருள் அதில் நன்கு விளங்குகின்றது. பொறுப்பு யாருடையது என்பதே இங்கு முக்கியமான கேள்வியாகும்.

பெயரை வலப்புறமிருந்து இடப்புறமாக வாசித்தல் வேண்டும். ‘கேரளா.கவ்.இன்’ என்பதை எடுத்துக்கொள்வோம். வலக்கோடியிலுள்ள ‘இன்’ இந்தியாவுக்கு 1989-இல் அளிக்கப்பட்டது. இப்பொழுது நிக்ஸி என்னும் ஸ்தாபனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. ‘ஜி, ஓ, வி’ என்னும் மூன்று எழுத்துகளாலான ‘கவ்’ அரசாங்கத்துக்கு மட்டும் உரியது. தேசிய தகவலியல் மையம் அதனை வழங்குகின்றது. அதன் கீழ் ‘கேரளா’ என்பது மாநில அரசின் பெயர். 2005 முதல் ‘இன்’ என்பதில் முடியும் பெயரை எவரும் தாராளமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆகவே ‘இன்’ என்னும் ஈறு மட்டும் கண்டு ஒரு பக்கத்தை அரசாங்கத்தினது என நம்புதல் தவறாகும். ‘கவ்’ என்பதற்கு முன் புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடு இருந்தாலும், ‘கவ்.இன்’ என்பதற்குப் பின் மற்றொரு சொல் தொடர்ந்தாலும், அப்பெயர் அரசாங்கத்தின் பொறுப்பில் இல்லை. வரி கட்டவும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் மக்கள் நம்மிடம் வழி கேட்கும் இக்காலத்தில், இந்தச் சிறு வேற்றுமையால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே போய்விடக்கூடும்.

பெயரைப் பற்றி நேரே கேட்டறிய உதவும் கருவிகளுள் சிறந்தது ‘டிக்’. கட்டளை வரியில், அதாவது படங்களும் பொத்தான்களும் இன்றி எழுத்தால் ஆணையிடும் திரையில், இது இயங்குவது. லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் முன்னரே இருக்கும். கேரளப் பள்ளிகளில், பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ நிறுவனத்தின் ஏற்பாட்டில் லினக்ஸே வழங்குவதால், அங்குள்ள ஆசிரியர்கள் இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் ‘என்எஸ்லுக்கப்’ என்னும் கருவி உண்டு. அது கூறும் விவரம் குறைவு. (இங்கே தமிழில் தரப்படும் கட்டளைகளைக் கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)

‘டிக்’ என எழுதி, ஓர் இடம் விட்டுப் பெயரை எழுதி, எண்டர் விசையை அழுத்துக. பல வரிகள் தோன்றும். முதலிற் காண்போர் மலைத்தல் இயல்பு. முதலில் தலைப்பகுதியிலுள்ள நிலைச்சொல்லை மட்டும் பார்க்க. ‘நோஎரர்’ என்றிருந்தால் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தது என்பது பொருள். ‘என்எக்ஸ்டொமைன்’ என்றிருந்தால் அப்பெயரே இல்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழையாக இருக்கும். ‘சர்வ்ஃபெயில்’ என்றால் பெயர் இருக்கலாம், ஆனால் நம்பத்தக்க பதிலைப் பெற இயலவில்லை. பக்கம் திறக்கவில்லை என்று மூவர் ஒரே விதமாக முறையிடும்போது, மூன்று வேறு காரணங்களை இச்சொற்கள் பிரித்துக் காட்டுகின்றன. நிலைச்சொல் ‘நோஎரர்’ ஆகவும், முகவரி சரியாகவும் இருந்து, பக்கம் மட்டும் திறக்கவில்லையெனில், கோளாறு பெயரில் இல்லை; அந்த இடத்திலுள்ள யந்திரத்திலோ இடைப்பட்ட வழியிலோ தேட வேண்டும்.

பதில் வரியில் ஐந்து பத்திகள் உண்டு: பெயர், ஓர் எண், ‘இன்’ என்னும் சொல், பதிவின் வகை, முகவரி. இங்குள்ள ‘இன்’ இந்தியாவைக் குறிப்பதன்று. இணையம் என்னும் வகுப்பைக் குறிப்பது. அமெரிக்கப் பெயரைக் கேட்டாலும் அதுவே வரும். ‘ஏ’ என்னும் வகை நான்கு எண்களாலான பழைய முகவரியையும், நான்கு ‘ஏ’ சேர்ந்த வகை புதிய நீண்ட முகவரியையும் குறிக்கும்.

இரண்டாம் பத்தியிலுள்ள எண்ணே மிகவும் கவனிக்கத்தக்கது. அப்பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதை அது கூறுகின்றது. 3600 எனில் ஒரு மணி. 86400 எனில் ஒரு நாள். சில விநாடி கழித்து மறுபடியும் கேட்டுப் பார்க்க. எண் குறைந்திருப்பின், பதில் பொறுப்பாளரிடமிருந்து வரவில்லை. இடையிலுள்ள ஒரு சர்வர் தான் முன்பு கேட்டு வைத்திருந்ததைத் தருகின்றது. ஓர் அலுவலகம் தன் பக்கத்தைப் புதிய யந்திரத்துக்கு மாற்றிய நாளில், ஒரு பள்ளிக்குப் பழைய முகவரியும் அடுத்த பள்ளிக்குப் புதியதும் கிடைப்பது இதனாலேயே. இருவரும் பொய் கூறவில்லை. ஒருவரது பதிலுக்கு வயது கூடிவிட்டது, அவ்வளவே. பதிலளித்த சர்வர் எது என்பது கடைசி வரிகளில் காணப்படும். உபுண்டு வகைக் கணிப்பொறிகளில் அது பெரும்பாலும் 127.0.0.53 என்றிருக்கும், அது அக்கணிப்பொறியையே குறிக்கும் எண். வேறொரு சர்வரைக் கேட்க, அதன் முகவரிக்கு முன் மின்னஞ்சலில் வழங்கும் ‘அட்’ குறியைச் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

கட்டளையுடன் ஒரு கூட்டற் குறியும் ‘டிரேஸ்’ என்னும் சொல்லும் சேர்த்தால், சாலையில் வழி கேட்டுச் செல்லும் பயணம் அப்படியே திரையில் தோன்றும். முதலில் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை பெயரிடப்பட்ட 13 வேர் சர்வர்கள். அவை கேரளத்தை அறியா. ‘இன்’ யார் பொறுப்பு என்பதை மட்டும் கூறும். அங்கிருந்து அடுத்த பொறுப்பாளர், பின்னர் அதற்கடுத்தவர். வகுப்பில் மாணவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

ஆயினும் ‘டிக்’ ஒழுக்கச் சான்றிதழ் வழங்குவதில்லை. மோசக்காரனின் பெயரும் ‘நோஎரர்’ என்றே வரும். பெயர் எப்பொழுது பதிவாயிற்று என அறிய ‘ஹூஇஸ்’ என்னும் மற்றொரு கட்டளை உண்டு. பழம்பெரும் ஸ்தாபனம் எனக் கூறிக்கொள்ளும் ஒன்றின் பெயர் சென்ற வாரம் பதிவாகியிருப்பின் சந்தேகிக்க இடமுண்டு. இத்தகைய மோசடிகளைக் குறைக்கவே, ரிசர்வ் வங்கி 2025-இல் வங்கிகளுக்கெனப் ‘பேங்க்.இன்’ என்னும் தனி ஈற்றை ஏற்படுத்தி, 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறுமாறு பணித்தது. ஹைதராபாதிலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலமே அப்பெயரைப் பெற முடியும்.

‘இந்தியா’, ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’ எனத் தமிழ் எழுத்தாலேயே முடியும் பெயர்களும் இப்பொழுது உள்ளன. பெயர் சர்வர்களில் இவை ‘எக்ஸ்’, ‘என்’ ஆகிய இரண்டு எழுத்துகளும் இரு சிறு கோடுகளும் முன்னிற்க, ஆங்கில எழுத்துகளாகவும் இலக்கங்களாகவும் மாற்றி எழுதப்படுகின்றன. தமிழும் மலையாளமும் அருகருகே எழுதப்பட்ட பலகைகள் நிறைந்த சாலை போன்ற இடங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. இரு மொழிகளின் ழகரமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கணிப்பொறிக்குத் தமிழ் ழகரம் 2996, மலையாள ழகரம் 3380. தமிழ் இலக்கமாகிய ‘௧’ என்பதும் ககரமும் அவ்வாறே கண்ணை ஏமாற்றவல்லன. ஐயம் எழுந்தால், மாற்றி எழுதப்பட்ட வடிவத்தை உண்மையான பெயரின் வடிவத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க. ஓரெழுத்து வேறாயினும் அது வேறு பெயர்.