கரையும் கொத்து, நீளும் ஓடை

பாம்பு விண்மீன் குழுவின் திசையில், சுமார் 70 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில், பலோமர் 5 என்ற கோளக் கொத்து கரைந்துகொண்டிருக்கிறது. 2001-இல் ஸ்லோன் வான்வரைவுத் தரவுகளை அலசிய மைக்கேல் ஓடென்கிர்ச்சென் குழுவினர், அதன் இருபுறமும் விண்மீன்களாலான வால்கள் நீள்வதைக் கண்டார்கள். இப்போதைய கணக்கில் அவை வானில் 20 பாகையைத் தாண்டுகின்றன. நாற்பது முழுநிலவுகளை வரிசையாக அடுக்கினால்தான் அந்த நீளம் வரும்.

கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் அதே ஈர்ப்பு வேறுபாடுதான் இங்கும் வேலை செய்கிறது. கொத்தின் உட்பக்கத்தைப் பால்வெளி கூடுதலாக இழுக்கிறது, வெளிப்பக்கத்தைக் குறைவாக. பலோமர் 5-இன் மொத்த நிறையே பத்தாயிரம் சூரியன்களைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். விளிம்பிலுள்ள விண்மீன்களைப் பிடித்துவைக்க அது போதாது. உட்பக்கம் நழுவிய விண்மீனுக்குச் சுற்றுப்பாதை குறுகுவதால் அது கொத்தை முந்துகிறது. வெளிப்பக்கம் நழுவியது பின்தங்குகிறது. முன்னொரு வால், பின்னொரு வால் என்று நீள்வது இதனால்தான். நழுவும் வேகம் மிகக் குறைவு என்பதால் நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வால்களாலான ஓடை மெலிந்தே இருக்கிறது.

அந்த மெலிவு வானியலுக்குக் கிடைத்த பெரும் கொடை என்பேன். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் திரள் ஒன்று அருகே கடந்துபோனாலும் ஓடையில் தழும்பு விழும். ஆனால் எல்லாத் தழும்பையும் நம்பிவிட முடியாது. பால்வெளியின் நடுத்தண்டும் ராட்சத வாயு மேகங்களும்கூட ஓடையைக் குலைக்கும். பலோமர் 5-இல் அந்தச் சிக்கல் உண்டு.

இதில் ஜிடி-1 என்ற இன்னொரு ஓடைதான் நல்ல சாட்சி. அந்த ஓடை 2006-இல் கண்டறியப்பட்டது; அதன் தாய்க்கொத்தை இன்றுவரை எங்கும் காணோம். முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். பால்வெளித் தட்டு சுழலும் திசைக்கு எதிராக ஓடை சுற்றுவதால் தண்டும் மேகங்களும் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. 2018-இல் கையா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு ஏட்ரியன் பிரைஸ்-வீலனும் அனா பொனாக்காவும் அந்த ஓடையைத் துலக்கிப் பார்த்தபோது, நடுவே இடைவெளிகளும், ஓரத்தில் விலகி நிற்கும் ஒரு கிளையும் தெரிந்தன. ஏதோ ஒன்று மோதாமல், ஆனால் மிக நெருங்கிக் கடந்திருக்கிறது. அதன் நிறை 10 லட்சம் முதல் 10 கோடி சூரியன்கள் வரை இருக்கலாம் என்று மறுஆண்டு பொனாக்கா குழு கணக்கிட்டது. அவர்கள் சோதித்த கோளக் கொத்துகளும் குறுமண்டலங்களும் அதற்குப் பொருந்தவில்லை.

அது கரும்பொருள் திரளா என்பது இன்னும் உறுதியாகவில்லை. குளிர்ந்த கரும்பொருள் கோட்பாடு சரியென்றால் விண்மீனே இல்லாத இத்தகைய சிறு திரள்கள் பால்வெளியைச் சுற்றி ஏராளமாக இருக்க வேண்டும். கரும்பொருள் துகள்கள் தொடக்கத்தில் வேகமாக அலைந்தவை என்றால் அந்தத் திரள்கள் உருவாகியே இருக்காது. சிலியிலுள்ள வேரா ரூபின் ஆய்வகம் இன்னும் மங்கலான ஓடைகளைத் தேடித் தரும்போது, எத்தனை ஓடைகளில் இப்படித் தழும்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.