தாராண்மைக் கல்வியும் மலையகமும்

மஸ்கெலியாவுக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் நல்லதண்ணி. அட்டன் வழியாக வரும் அடியார் சிவனொளிபாத மலைக்கு ஏறத் தொடங்கும் இடம் இதுவே. மலையுச்சியிலுள்ள அடிச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தபிரானுடையது என்பர். இஸ்லாமியர் ஆதி மனிதராகிய ஆதாமுடையது என்பர். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா என்னும் யாத்திரிகர் இதனைத் தேடிவந்து ஏறினார். புவியியலாருக்கோ இம்மலைத் தொகுதி களனி கங்கை முதலிய ஆறுகளின் பிறப்பிடம். ஒரு மலையை இத்தனை கண்கொண்டு நோக்கவும், தன் நோக்கை இழவாமலே பிறர் நோக்கை மதிக்கவும் ஒருவனைப் பழக்குவது எதுவோ, அதுவே தாராண்மைக் கல்வியாகும்.

இக்கல்வியின் வேர் பண்டைய கிரேக்க, உரோம நாடுகளில் உள்ளது. இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண், வடிவகணிதம், இசை, வானியல் என்னும் ஏழும் பிற்காலத்தில் அதன் அங்கங்களாக வகுக்கப்பட்டன. சுதந்திர மனிதனுக்குரிய கலைகள் என்பதே அவற்றின் பெயர்ப்பொருள். அடிமைக்குத் தொழிற்பயிற்சி போதும், ஆள்பவனுக்கே அறிவுப்பயிற்சி வேண்டும் என்ற பாகுபாடும் அப்பெயரினுள் மறைந்து கிடந்தது. கல்வியின் சிறப்பைக் கொண்டு இப்பாகுபாட்டைத் தள்ளுவதே பிற்காலத்தவர் கடமையாயிற்று.

அப்பாகுபாடு மலையகத்திலும் நிலவியது. தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. எனினும் அக்கல்வி எழுத்தும் எண்ணும் என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி தோன்றியபோதும், தோட்டப் பாடசாலைகள் பல அரசின் கைக்கு வருவதற்கு 1970கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழுந்து பறிக்கும் கைக்கு இலக்கியம் எதற்கு என்ற எண்ணமே இத்தாமதத்தின் பின்னே நின்றது எனலாம்.

அவ்வெண்ணத்துக்கு விடையாக அமைந்தது சி. வி. வேலுப்பிள்ளையின் வாழ்வு. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த அவர், தம் மக்களின் துயரத்தை ஆங்கிலக் கவிதையாக்கி உலகறியச் செய்தார். அவர்தம் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் பறிபோயிற்று, வாக்கு வன்மையோ பறிபோகவில்லை. அவருடைய எழுத்து 1984இல் அவர் மறைந்த பின்னும் அம்மக்களுக்காகப் பேசுகின்றது.

வறியவனுக்கு முதலில் வேண்டுவது சோறன்றோ, கலைகள் சோறு போடுமோ என்று வினவுவாருளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பசித்தவனிடம் தத்துவம் பேசுதல் பண்பாகாது. ஆயினும் மலையகத்தின் வரலாறே இதற்கு மறுமொழி தரும். 19ஆம் நூற்றாண்டில் இம்மலைகளில் விளைந்தது கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளில் அப்பயிரை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி ஒன்றையே அறிந்த திறமை கோப்பியோடு மதிப்பிழந்தது. தொழில் மாறும், கருவி மாறும், புதியதைக் கற்கும் ஆற்றலும், நன்று தீது பகுத்துணரும் தெளிவும் மாறாது துணைநிற்கும். தொழிற்கல்வி இன்றைய சோற்றுக்கு வழிசெய்யின், தாராண்மைக் கல்வி நாளைய மாற்றத்தை எதிர்கொள்ள மனத்தை ஆயத்தஞ் செய்கின்றது. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

ஆகவே, ஒரு கல்லூரியின் பயனை அது ஆக்கிய உத்தியோகத்தரின் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. தன் நிலையைத் தானே உணர்ந்து, அதனைப் பிறர் உணரச் சொல்லவல்ல மாந்தரை அது தந்ததா என்பதே உரைகல். அவ்வாய்ப்பு நல்லதண்ணியின் லயத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒப்பக் கிடைக்கும் நாளிலேயே, சுதந்திர மனிதனுக்குரிய கல்வி என்னும் பெயர் முழுப்பொருள் பெறும்.