புதையல் தேடப் போகும்போது துப்பாக்கி வேண்டுமா?

கயத்தாறு!

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் வழியில் இந்த ஊரைப் பார்க்கலாம். ஊரைத் தாண்டினால் வெட்டவெளி. உடை மரமும் வேலிக்கருவையும் நிற்கும் காடு. அதற்கு மேலே, வானத்தில் கை வீசி நிற்கும் காற்றாலைகள்.

இந்த வெட்டவெளியில் எங்கோ ஒரு கல்லுக்கு அடியில் யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் இடத்தைச் செல்போன் காட்டுகிறது. உங்கள் மகன் ஓடி வருகிறான்.

"அப்பா! நான் போய் அதைக் கண்டுபிடித்து வருகிறேன்" என்கிறான்.

அனுப்புவீர்களா?

"பாம்பு இருக்குமே!" என்கிறாள் தாய். "நாய் கடித்துவிட்டால்?" என்கிறாள் பாட்டி. "வழிப்பறிக்காரன் வந்தால் என்ன செய்வான்?" என்கிறார் தாத்தா.

மாமா மீசையை முறுக்குகிறார். அவரிடம் லைசென்சு வாங்கிய துப்பாக்கி இருக்கிறது. "கவலைப்படாதீர்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்" என்கிறார்.

மாமா சொல்வது சரியா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அது என்ன விளையாட்டு?

இந்த விளையாட்டுக்கு "ஜியோகேச்சிங்" என்று பெயர். தமிழில் சொன்னால் புதையல் வேட்டை.

வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள், நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்ல உதவுகின்றன. முன்பு அமெரிக்க அரசாங்கம், பொதுமக்களுக்குக் கிடைக்கும் கணக்கில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. துல்லியமான கணக்கு ராணுவத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவுப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது.

மறுநாளே ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் பெயர் டேவ் உல்மர். மே 3-ந் தேதி, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு காட்டுப் பகுதியில் அவர் ஒரு வாளியை வைத்தார். இடத்தின் கணக்கை மட்டும் வெளியிட்டார். "முடிந்தவர்கள் கண்டுபிடியுங்கள்" என்றார்.

வாளிக்குள் என்ன இருந்தது தெரியுமா? புத்தகங்கள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு டின் அவரை விதை. கூடவே, கல் எறிகிற ஒரு கவண்!

அந்த ஒரு வாளி இன்று உலகமெங்கும் 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்களாகப் பெருகிவிட்டது. கண்டுபிடித்தவர், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். டப்பாவுக்குள் வெடிமருந்து, தோட்டா, கத்தி எதுவும் வைக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி. ஆனால் டப்பாவே பல இடங்களில் பழைய ராணுவத் தோட்டாப் பெட்டிதான்! தண்ணீர் புகாது என்பதால் அதை விரும்புகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குத் துப்பாக்கியோடு போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதி தேவையில்லை. காட்டில் கரடியும் உண்டு. அப்படியிருந்தும், கரடிக்குத் துப்பாக்கியைவிடக் காரநெடி தெளிக்கும் குப்பி நல்லது என்று அங்குள்ள வன அதிகாரிகள் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. அதற்குக் காரணமான கதையில் கயத்தாற்றுக்கும் ஓர் இடம் உண்டு.

புளியமரத்தின் கதை

1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி. பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனைக் கும்பினியார் கயத்தாற்றில் ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். தளபதி மேஜர் பானர்மன், மற்றப் பாளையக்காரர்களையும் அங்கே வரவழைத்திருந்தான். அவர்கள் கண் முன்னால்தான் அந்தக் கொடுமை நடந்தது.

அதோடு விடவில்லை. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி மறுபடியும் போர் தொடுத்தார். அந்தப் போரும் தோற்றது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி கும்பினி ஆட்சி ஓர் அறிக்கை வெளியிட்டது. தென்சீமையில் ஆயுதம் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்றது!

1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு வேண்டும். வெள்ளைக்காரருக்கு வேண்டாம்! இப்படியும் ஒரு நீதி இருந்தது.

இதைக் கேட்டதும் மாமா துள்ளி எழுகிறார். "பார்த்தீர்களா? நம் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியவன் வெள்ளைக்காரன். நான் துப்பாக்கி எடுத்துப் போனால் என்ன தவறு?" என்று கேட்கிறார்.

மாமா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயுதம் பறிபோனது அன்று மானப் பிரச்சினை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கட்டபொம்மனின் வீரர்கள் ஆயுதம் தூக்கியபோது எதிரே பீரங்கியோடு பகைவன் நின்றான். டப்பா தேடப் போகும் பையனுக்கு எதிரே யார் நிற்கிறார்கள்?

அங்கே அந்நியன் யார்?

மாலை நேரம். பையன் வேலியோரத்தில் குனிந்து கல்லைப் புரட்டுகிறான். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது.

வருவது யார்? அநேகமாக ஆடு மேய்ப்பவர். இல்லை, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர். இல்லை, விறகு பொறுக்க வந்த ஓர் அம்மாள். அது அவர்களுடைய இடம். அங்கே அந்நியன் நம் பையன்தான்!

"யாரப்பா நீ? என் நிலத்தில் என்ன தேடுகிறாய்?" என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பையன் சிரித்துக்கொண்டு விவரம் சொன்னால், கூடச் சேர்ந்து தேடவும் வருவார்கள். பக்கத்தில் மாமா துப்பாக்கியோடு நின்றால்? பயம் வரும். கூச்சல் வரும். ஊர் கூடிவிடும். பயந்தவன் கையிலும் பயமுறுத்துகிறவன் கையிலும் நிதானம் இருக்காது.

துப்பாக்கி இல்லாமலே சந்தேகம் வருகிற விளையாட்டு இது. 2011 ஜூலையில் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒரு காப்பிக் கடைக்கு வெளியே ஒருவர் எதையோ ஒளித்து வைப்பதை யாரோ பார்த்துவிட்டார். உடனே போலீஸ் வந்தது. வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். அந்தப் பொருளை வெடிக்க வைத்தார்கள். அது வெறும் விளையாட்டு டப்பா!

ஆகவே, நிலத்துக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை தருகிற பாதுகாப்பை எந்தத் துப்பாக்கியும் தராது.

சட்டம் என்ன சொல்கிறது?

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் இயற்றப்பட்டது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 21 வயது நிரம்பாதவருக்கு லைசென்சு கிடையாது. போலீசார் விசாரித்து அறிக்கை தர வேண்டும். 2019-ல் சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை. 5 ஆண்டு வரையிலும் போகலாம்.

குடகு நாட்டுக் கொடவர்களுக்கு லைசென்சு வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. அது வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தொடரும் பழைய வழக்கம்.

மாமாவைப் போல லைசென்சு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் உண்டு. எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. வழி தவறி நுழைந்தாலும் வம்புதான்.

பாம்பை என்ன செய்வது?

"சட்டம் இருக்கட்டும். பாம்பு வந்தால்?" என்று தாய் கேட்கிறாள். நல்ல கேள்வி. உண்மையான ஆபத்து அதுதான்.

2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் மிகவும் ஆபத்தானவை.

டப்பாவை எங்கே ஒளிப்பார்கள்? கல்லிடுக்கில், மரப் பொந்தில், புதர் அடியில். பாம்பு எங்கே ஒளியும்? அதே இடத்தில்தான்!

பாம்பு நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை. நாம் தெரியாமல் கையை நீட்டும்போது, கண் மூடித் திறப்பதற்குள் கடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் துப்பாக்கி என்ன செய்யும்? கல் மேல் சுட்டால் ரவை தெறித்துப் பையன் மேலேயே படலாம்.

இங்கே பயன்படுவது ஒரு நீளக் கம்பு. கை போகும் இடத்துக்கு முதலில் கம்பு போகட்டும். காலுக்கு மூடிய செருப்பு அல்லது பூட்ஸ். இருட்டுகிற இடத்துக்கு டார்ச் விளக்கு.

கடித்துவிட்டால் கத்தியால் கீற வேண்டாம். வாயால் உறிஞ்ச வேண்டாம். கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்துதான் உயிர் காக்கும்.

பாட்டி பயந்த நாய்க் கடிக்கும் வழி இருக்கிறது. நாயைக் கண்டு ஓடக் கூடாது. கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும்.

யாருக்கும் நினைவு வராத இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவன் அதில் விழலாம். இன்னொன்று இடி. வெட்டவெளியில் இடி முழங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கிணற்றையும் இடியையும் சுட முடியுமா?

முத்துக் குளித்தவர்கள் காட்டிய வழி

புதையல் தேடுவது நம் மாவட்டத்துக்குப் புதிதா என்ன? தூத்துக்குடிக் கடலில் நூற்றாண்டுக் கணக்காக முத்துக் குளித்திருக்கிறார்கள். 1961-ல்தான் அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது.

அந்தக் கடலில் சுறா உண்டு. குளிப்பவர் ஒரு கல்லின் பாரத்தால் அடியில் இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளை அள்ளுவார். அவருடைய உயிர் மேலே தோணியில் இருப்பவர் பிடித்த கயிற்றில் இருந்தது. கயிறு அசைந்ததும் சட்டென்று தூக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் ஆபத்து. அதனால் மனைவியின் உடன்பிறந்தவனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான்?

கவனித்தீர்களா? கடலுக்குள் போனவர் நம்பியது ஆயுதத்தை அல்ல. கயிறு பிடிக்கும் ஆளை!

மாமா! உங்களுக்கும் வேலை இருக்கிறது. பையனுக்கு நீங்கள்தானே தாய்மாமன்? துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் வையுங்கள். கையில் கம்பு, பையில் தண்ணீர், செல்போனில் சார்ஜ். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வெயில் ஏறும் முன் போங்கள். இருட்டும் முன் திரும்புங்கள். பையன் குனிந்து தேடும்போது நீங்கள் நிமிர்ந்து நாலா பக்கமும் பாருங்கள்.

கயிறு உங்கள் கையில் இருக்கிறது!