கேமரா தோள்பை வாங்கப் போறீங்களா? பஞ்சைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்க

இஎம்ஐ போட்டு கேமரா வாங்கியாச்சு. ஒரு லட்சத்துக்கு மேல் செலவு. ஆனால் அதை வைப்பது, கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த பையில். ஆறு மாதத்தில் இரண்டாவது லென்ஸும் ஃபிளாஷும் சேர்ந்ததும் ஜிப் மூட மாட்டேன் என்கிறது. அப்போதுதான் ஆன்லைனில் 'பேடட் ஷோல்டர் பேக்' தேட ஆரம்பிக்கிறோம். 1,500 ரூபாய்க்கும் இருக்கு, 15,000 ரூபாய்க்கும் இருக்கு. படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

எதை வைத்து முடிவு செய்வது?

தோள்பையா, முதுகுப்பையா?

தோள்பையின் பெரிய பலம், கழற்றாமலே கேமராவை எடுக்கலாம் என்பது. கல்யாண மண்டபத்தில் முதுகுப்பையைக் கழற்றி, கீழே வைத்து, ஜிப் திறந்து லென்ஸ் மாற்றுவதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும்.

பலவீனம், மொத்த எடையும் ஒரே பக்கம் இறங்குவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சோனி ஏ7 மார்க் 4, பேட்டரி, கார்டுடன் 658 கிராம். 24-70 ஜிஎம் 2 லென்ஸ் 695 கிராம். 70-200 ஜிஎம் 2, ட்ரைபாட் வளையம் இல்லாமல் 1,045 கிராம். இதுவே 2.4 கிலோ. ஃபிளாஷ், சார்ஜர், கூடுதல் பேட்டரிகள் சேர்ந்தால் 3 கிலோவை நெருங்கும். பையின் எடை ஒரு கிலோ, லேப்டாப் இன்னொரு ஒன்றேகால் கிலோ என்றால் 5 கிலோ தாண்டிவிடும். இதை எட்டு மணி நேரம் ஒரே தோளில் சுமந்தால் மறுநாள் கழுத்து திரும்பாது.

மாறாக, கேனான் ஆர்50-யும் 18-45 கிட் லென்ஸும் சேர்ந்தே சுமார் 500 கிராம்தான். இதற்கு ஒன்றேகால் கிலோ பை வாங்கினால், பொருளை விட இரண்டு மடங்குக்கும் மேல் பையைச் சுமக்கிறீர்கள்.

எளிய வழி இதுதான்: சமையலறைத் தராசில் உங்கள் பொருட்களை எடை போடுங்கள். பையோடு சேர்த்து 4 கிலோவுக்குள் வந்தால் தோள்பை. அதற்கு மேல் என்றால் முதுகுப்பை, அல்லது ஒரு லென்ஸை வீட்டில் விட்டுவிடுவது.

பேடிங் எதற்கு?

பஸ் கம்பி, மேஜை விளிம்பு, கூட்டத்தில் முழங்கை. இந்த மாதிரி சின்ன இடிகளைத் தாங்கத்தான் பேடிங். நான்கடி உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தால் எந்தத் தோள்பையும் உத்தரவாதம் தராது.

தடிமனை விட, பேடிங் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பையை நாம் 'டொக்' என்று கீழே வைப்பதால் அதிக அடி வாங்குவது அடிப்பகுதிதான். பையை மேஜையில் வைத்து, உள்ளே கட்டைவிரலால் அழுத்துங்கள். மேஜை கையில் தட்டுப்பட்டால் வேண்டாம். தடுப்புகள் லென்ஸை எடுத்த பிறகும் நேராக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். சாய்ந்து விழுந்தால், லென்ஸைத் திருப்பி வைக்க இரண்டு கை தேவைப்படும்.

பேடிங் கூடக் கூட இடம் குறையும், பையும் புடைக்கும். 1970களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி தன் வேலைக்காக ஒரு கான்வாஸ் பையை வடிவமைத்தார். தடித்த பேடிங் இல்லாமல் இடுப்போடு ஒட்டிக் கிடக்கும் அந்தப் பை, செய்திப் புகைப்படக்காரர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது.

அளவையும் பட்டையையும் எப்படிப் பார்ப்பது?

லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அதிகம் பயன்படுத்தும் லென்ஸை மாட்டிய நிலையில் கேமராவின் நீளத்தை அளந்து, பையின் உள் அளவோடு ஒப்பிடுங்கள்.

பட்டை நான்கைந்து சென்டிமீட்டர் அகலமாக, வழுக்காத பேடுடன், குறுக்காகப் போடும் நீளத்தில் இருக்கட்டும். அது பையின் மேல் விளிம்பில் மட்டும் தைக்கப்பட்டிருக்கிறதா, பக்கவாட்டில் கீழே வரை இறங்குகிறதா? இறங்கினால் நல்லது, தையல் சீக்கிரம் விடாது.

ஜிப்பும் மூடியும் உடம்புப் பக்கம் திறந்தால் மும்பை லோக்கல் நெரிசலில் நிம்மதி. மெட்ரோ எக்ஸ்-ரே பெல்ட்டில் வைக்கும்போது மூடியை மட்டும் போட்டு ஜிப்பை மறந்துவிட்டால், பை கவிழ்ந்து லென்ஸ் வெளியே உருளும். ஜாக்கிரதை.

மழைக்கு என்ன செய்வது?

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலைச் சமாளிக்கும், அவ்வளவுதான். ஜூலை மாத மும்பை மழைக்குத் தனி மழை உறை வேண்டும். துணியை விட ஜிப் வழியாகத்தான் தண்ணீர் முதலில் உள்ளே போகும்.

மழையை விடப் பெரிய எதிரி ஈரப்பதம். நனைந்த பையிலேயே கேமராவை வைத்துவிட்டு அடுத்த வாரம் திறந்தால், லென்ஸுக்குள் பூஞ்சை தொடங்கியிருக்கலாம். பேடிங்கும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பை என்பது பயணத்துக்கு, அலமாரிக்கு மாற்று அல்ல. வீட்டுக்கு வந்ததும் பொருட்களை வெளியே எடுங்கள். பையை ஃபேன் காற்றில் உலர விடுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் சரி.

விமானத்தில் எடுத்துப் போகும்போது?

உள்நாட்டு விமானங்களில் எகானமி கேபின் பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. கூடுதல் லித்தியம் பேட்டரிகள் கேபினில்தான் வர வேண்டும், செக்-இன் லக்கேஜில் கூடாது. ஒரு பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. சோனி ஏ7 மார்க் 4 பேட்டரி 16.4 வாட்-மணிதான் என்பதால் கவலை இல்லை. ஆனால் கேட்டில் "பையை கீழே போடுங்க" என்று வாங்கிக்கொண்டால், அந்தப் பேட்டரிகளைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை ஒரே சிறு பவுச்சில், உடனே எடுக்கும் இடத்தில் வையுங்கள். பை தேர்வு செய்யும்போதே அதற்கு ஒரு வெளிப்பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் கடைசியாக...

டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி மார்க்கெட்டோ, மும்பை போரா பஜாரோ, கடைக்குப் போனால் உங்கள் கேமராவையும் கொண்டு போங்கள். உள்ளே வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆன்லைன் என்றால் ரிட்டர்ன் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பை வந்ததும் டேக் கிழிக்காமல் எல்லாவற்றையும் அடுக்கி, வீட்டுக்குள்ளேயே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு நடங்கள், படி ஏறி இறங்குங்கள். கேமராவை ஒரு கையால் எடுத்து, ஒரு கையால் திருப்பி வைத்துப் பாருங்கள். தோள் வலித்தாலோ, கை தடுமாறினாலோ, எவ்வளவு தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும் திருப்பி அனுப்பிடுங்க. பிடிக்காத பை வீட்டு மூலையில்தான் கிடக்கும். கூடவே கேமராவும்.