நுரையீரலும் கழியொலியும்

நிழல் மரத்தின் கிளை தறிக்க ஏறிய தொழிலாளி ஒருவர் கால் வழுக்கிச் சரிவிலே வீழ்கின்றார். முறிந்த விலாவென்பு நுரையீரலைக் கீறிவிடுகின்றது. கீறல் வழியே கசிந்த காற்று, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே தங்கி, அதனைச் சுருங்கச் செய்கின்றது. அக்காற்று வெளியேற வழியின்றிப் பெருகுமாயின் இருதயத்தையும் நெருக்கும். பின்னர் உயிர் நிற்பது நிமிடக் கணக்கிலேதான். ஹற்றன், நுவரெலியாத் தோட்டப் பாதைகளில் ஒருமுறையேனும் சென்றவர், அந்நிமிடங்கள் வண்டியிலேயே கழிந்துவிடும் என்பதை அறிவர். 2017ஆம் ஆண்டு டிக்கோயாவில் 150 படுக்கைகள் கொண்ட புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் மேற்பிரிவு லயத்திலிருந்து கீழே இறங்கும் வழி அதனாற் குறுகிவிடவில்லை.

எக்ஸ்-கதிர்ப் படம் இந்நோயைக் காட்டாதோ எனின், காட்டும். ஆனால் மல்லாந்து கிடப்பவரது நெஞ்சில் காற்று முன்புறமாய்ப் பரவி நிற்குமாதலின், படத்திலே பலமுறை தப்பிவிடுகின்றது. அவ்விடத்துக் கைகொடுப்பது கழியொலி. (நம் பாடநூல்கள் கழியொலி என்பதனைத் தமிழகத்தார் மீயொலி என்பர், இரண்டும் நற்சொற்களே.) வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, நம் செவிக்கு எட்டாத ஒலி அது.

நுரையீரல் என்ற பெயரைச் சற்று நோக்குக. நுரை என்பது காற்றடைத்த பொருளன்றோ? காற்றிலே மோதிய கழியொலி உட்புகாது மீண்டுவிடும். ஆகவே நுரையீரலைக் கழியொலியாற் பார்த்தல் வீண்முயற்சி என்றே வைத்திய உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1986இல் குதிரை மருத்துவத்திலும், 1995இல் பிரான்சு நாட்டு வைத்தியர் லிக்டென்ஸ்டைன் என்பாரது ஆய்விலும் அவ்வெண்ணம் மாறிற்று. உள்ளே பார்க்கவேண்டுவதில்லை, மேற்பரப்பின் அசைவைப் பார்த்தலே போதும் என்பது அவர் கண்ட நெறி. நுரையீரலைப் போர்த்த சவ்வும் நெஞ்சுச் சுவரின் உட்சவ்வும் மூச்சுக்கு மூச்சு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். இடையே காற்றுப் புகுந்தால் அவ்வழுக்கல் திரையிலே தோன்றாது.

என்னிடம் தமிழ் கற்று இன்று வைத்தியராயுள்ள மாணாக்கர் ஒருவர் இதனை எனக்கு விளக்கினார். அசைவைக் காலத்தோடு வரைந்து பார்க்கும்பொழுது, நல்ல நுரையீரலில் மேற்பாதி அலைக்கோடுகளாயும் கீழ்ப்பாதி மணலாயும் தெரியுமாம். அதற்குக் கடற்கரைக் குறி என்று பெயர். கடலே காணாத மலைப்பிள்ளைகளுக்கு இவ்வுவமை எங்ஙனம் விளங்கும் என்றேன். நோயுற்ற இடத்திலோ மணல் மறைந்து, மேலும் கீழும் வெறுங்கோடுகளே நிற்கும். "பிள்ளை ஒன்றும் எழுதாத கோடிட்ட கொப்பி போல, ஐயா" என்றார் அவர். அது எனக்கு விளங்கிற்று.

2020இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, அடிபட்டு மல்லாந்து கிடப்போரில் இந்நோயுள்ளவர் நூற்றுவரைக் கொண்டால், கழியொலி 91 பேரையும் எக்ஸ்-கதிர் 47 பேரையும் கண்டறியும் என மதிப்பிட்டது. எனினும் அசைவின்மை ஒன்றையே கொண்டு துணிதல் ஆகாது. பழைய காசநோயாற் சவ்வுகள் ஒட்டிக்கொண்டிருப்பினும் அசைவு தோன்றாது. ஆதலால், நோயாளி அந்தந்த நொடியே ஒடுங்கிவருபவராயின் அன்றி, சுருங்கிய நுரையீரலின் விளிம்பு சுவரைத் தொட்டும் விட்டும் நிற்கும் புள்ளியைத் தேடுவர். அது அகப்படின் ஐயமில்லை. நுரையீரல் முற்றும் சுருங்கியவரிடத்து அப்புள்ளியும் அகப்படாது.

உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் இன்று உள. தோட்ட மருந்தகங்களில் பணிபுரிவோர்க்கு இதனைக் கற்பிக்கலாமா என்று வினவினேன். "கற்பிக்கலாம் ஐயா, பலரைப் பார்த்துப் பழகவேண்டும். முதலில் கருவி ஒன்று மேற்பிரிவுக்கு ஏறட்டும்" என்றார்.